சிரிக்க வைக்கும் கொலைப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பறியும் நாவலிலிருந்து எடுத்த பழைய ஹாலிவுட், பிரிட்டிஷ் படங்களைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் எழுதினாலும் சரி, நேரில் பேசினாலும் சரி, திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. கொலையாளி யார் என்பதை எங்கேயும் போட்டுடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

இந்த வகைப் படம்னா என்ன? கொலைக் கதைக்கு நடுவுல காமெடி ட்ராக் வருமா?

தனி ட்ராக் கிடையாது. நம் படங்களில் கதாநாயகன் ஒரு பக்கம் துப்பறிவார், நகைச்சுவை நடிகர் இன்னொரு பக்கம் அடி வாங்குவார். இங்கே துப்பறிகிறவரே சிரிக்க வைக்கிறவர். கொலை நிஜமான கொலை, துப்புகள் நிஜமான துப்புகள். அவற்றை விசாரிக்கிற ஆள் மட்டும் எதையும் ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் பக்கத்தில் அதிகம் வரப்போவது 1934-ல் வந்த 'தி தின் மேன்' என்ற அமெரிக்கப் படமும் அதன் தொடர்ச்சிகளும். அடுத்து, அகதா கிறிஸ்டி நாவல்களில் துப்பறியும் பாட்டியான மிஸ் மார்ப்பிளாக 1961 முதல் 1964 வரை மார்கரெட் ரூதர்ஃபோர்ட் நடித்த படங்கள். அப்புறம் 1946-ல் வந்த 'கிரீன் ஃபார் டேஞ்சர்'. மற்றவை போகிற போக்கில் வரும்.

எதுல ஆரம்பிக்கலாம்? லிஸ்ட் எல்லாம் வேணாம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

'தி தின் மேன்'. ஒன்றரை மணி நேரப் படம்தான். முதல் பத்து நிமிடம் கொஞ்சம் மெதுவாகப் போகும், அதில் மூடிவிடாதீர்கள். நாயகனும் நாயகியும் வந்த பிறகுதான் படமே தொடங்குகிறது.

கதை என்ன? முடிவைச் சொல்லிடாதீங்க.

நிக் சார்ல்ஸ் ஓய்வு பெற்ற துப்பறிவாளர். பெரிய பணக்கார வீட்டுப் பெண்ணான நோராவைக் கல்யாணம் செய்துகொண்டு, மாமனார் விட்டுப்போன சொத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி சான்ஃபிரான்சிஸ்கோவில் சுகமாக இருக்கிறார். கிறிஸ்துமஸ் சமயத்தில் இருவரும் நியூயார்க் வருகிறார்கள். அங்கே டோரத்தி என்ற பெண், விஞ்ஞானியான தன் அப்பா வைனன்ட்டைக் காணவில்லை என்று நிக்கிடம் வருகிறாள். சில நாட்களில் வைனன்ட்டின் காரியதரிசி கொலையாகிக் கிடக்கிறாள். சந்தேகம் காணாமல் போனவர் மேலேயே விழுகிறது.

நிக்குக்கு இந்த வழக்கில் துளியும் ஆர்வமில்லை. எல்லா ஆர்வமும் நோராவுக்குத்தான். புருஷன் துப்பறிவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "எனக்கு வேண்டாம்" என்று இவர் சொல்லச் சொல்ல, வழக்கு இவர்கள் ஹோட்டல் அறைக்குள்ளேயே துப்பாக்கியோடு நுழைந்துவிடுகிறது.

தலைப்புல வர்ற 'ஒல்லி மனுஷன்' அந்த மீசைக்கார ஹீரோதானே?

இல்லை. காணாமல் போன வைனன்ட்தான் அந்த ஒல்லி மனிதர். எட்வர்ட் எல்லிஸ் என்ற நடிகர் அந்தப் பாத்திரத்தில் வருகிறார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியதும் தயாரிப்பாளர்களான எம்.ஜி.எம். தொடர்ச்சிகளுக்கும் அதே பெயரை ஒட்டிவிட்டது. 'ஆஃப்டர் தி தின் மேன்', 'அனதர் தின் மேன்' என்று வரிசையாக வர, மக்கள் அதை நிக்காக நடித்த வில்லியம் பவலின் பட்டப்பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் குழம்பவில்லை, 1930-களிலேயே ஊர் முழுக்க அப்படித்தான்.

எப்பப் பார்த்தாலும் குடிச்சிட்டே இருக்காங்களே, ஏன்?

அமெரிக்காவில் 1920 ஜனவரி முதல் மதுவிலக்கு. அது நீங்கியது 1933 டிசம்பர் 5. படம் வந்தது 1934 மே. பதிமூன்று வருடம் திருட்டுத்தனமாகக் குடித்த ஊர், திரையில் ஒரு ஜோடி பகிரங்கமாகக் குடிப்பதைப் பார்த்துக் கைதட்டியது. நாவலின் கதை 1932 டிசம்பரில் நடப்பதால் அதில் வருவதெல்லாம் கள்ளத்தனமான மதுக்கூடங்கள்.

நிக் முதன்முதலில் திரையில் வருவதைக் கவனியுங்கள். ஹோட்டல் பாரில் நின்று பணியாளர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். மதுக் கலவைகளில் மன்ஹாட்டனை ஃபாக்ஸ்ட்ராட் நடனத் தாளத்தில் குலுக்க வேண்டும், பிராங்க்ஸை டூ-ஸ்டெப்பில், டிரை மார்ட்டினியை வால்ட்ஸ் தாளத்தில். அடுத்து நோரா வருகிறாள். கை நிறைய கிறிஸ்துமஸ் பொட்டலங்கள், நாய் இழுக்கிற இழுப்பில் அத்தனையும் பறக்க, குப்புற விழுகிறாள். எழுந்து உட்கார்ந்ததும் கணவர் இதுவரை எத்தனை மார்ட்டினி குடித்தார் என்று விசாரிக்கிறாள். ஆறு என்றதும், தனக்கும் இன்னும் ஐந்து கொண்டுவந்து வரிசையாக வைக்கச் சொல்கிறாள். இவர்கள் எப்படிப்பட்ட தம்பதி என்பதற்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

இன்று பார்க்கும்போது இதில் ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. கல்லீரல் என்ற உறுப்பே இந்தப் படங்களில் கிடையாது. போர்க்காலத்தில் வந்த ஐந்தாம் படத்தில் நிக் ஆப்பிள் சாறு குடித்துக்கொண்டு அலைகிறார்.

காமெடி வந்தா சஸ்பென்ஸ் கெட்டுடாதா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். என் பதில்: நல்ல படத்தில் சிரிப்புதான் சஸ்பென்ஸைக் காப்பாற்றுகிறது. துப்பறியும் கதையில் பெரிய தலைவலி, துப்பைப் பார்வையாளர் கண் முன்னால் வைக்கவும் வேண்டும், அவர் அதைக் கவனிக்கவும் கூடாது. சீரியஸான படத்தில் கேமரா ஒரு பொருள் மேல் இரண்டு நொடி நின்றாலே "ஆகா, இதுதான்" என்று உஷாராகிவிடுவோம். சிரித்துக்கொண்டிருக்கும்போது அந்த உஷார் வராது.

'தி தின் மேன்' படத்தில் ஒரு ராத்திரிக் காட்சி. நிக் டார்ச்சும் நாயுமாக வைனன்ட்டின் பூட்டிக் கிடக்கும் பட்டறைக்குள் நுழைகிறார். இருட்டு, விதவிதமான இயந்திரங்களின் நிழல். அவரோ நாயிடம் ஏதோ சக போலீஸ்காரரிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டே நடக்கிறார். நாம் நாயின் சேட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். வழக்கையே திருப்பிப்போடும் விஷயம் அந்தச் சேட்டையில்தான் வெளிவருகிறது.

இன்னொரு உதாரணம், கிறிஸ்டியின் நாவலை வைத்து ரெனே கிளேர் 1945-ல் எடுத்த 'அண்ட் தென் தேர் வேர் நன்'. தீவில் மாட்டிக்கொண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். மிஞ்சியிருப்பவர்களில் ஒருவர் சாவித் துவாரம் வழியாக இன்னொருவரை வேவு பார்க்கிறார். அவரை மற்றொருவர் வேவு பார்க்கிறார். அந்த மற்றொருவரையும் ஒருவர். பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் யாருமே யாரையும் நம்பவில்லை என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது.

பவலும் மிர்னா லாயும் நிஜத்துலயே கணவன் மனைவியா?

இல்லை. நிக்காகவும் நோராவாகவும் நடித்த இருவரும் நல்ல நண்பர்கள், சேர்ந்து 14 படங்களில் நடித்தவர்கள். ரசிகர்கள் பாதிப் பேர் நிஜத் தம்பதி என்றே நினைத்தார்கள். இரண்டாம் படத்துக்காக சான்ஃபிரான்சிஸ்கோ போனபோது, ஹோட்டல்காரர்களும் அப்படியே நினைத்து இருவருக்கும் சேர்த்துத் தேனிலவு அறையை ஒதுக்கிவிட்டார்கள். கூடவே வந்திருந்தவர் ஜீன் ஹார்லோ. அப்போது பவலின் நிஜக் காதலி அவர்தான். கடைசியில் ஹார்லோவும் லாயும் அந்தப் பெரிய அறையைப் பகிர்ந்துகொள்ள, பவலுக்குக் கீழே ஒரு சின்ன அறை கிடைத்தது. ஹார்லோ 1937-ல் 26 வயதில் இறந்துபோனார்.

லாயை இந்த வேடத்துக்குப் போட ஸ்டுடியோ தலைவர் லூயி பி. மேயருக்கு இஷ்டமே இல்லை. அதுவரை அவருக்குக் கிடைத்தவற்றில் நிறைய மயக்கிக் கெடுக்கும் கீழை நாட்டு மோகினி வேடங்கள். வெள்ளைக்கார நடிகைக்குக் கண்ணை இழுத்து வரைந்து ஆசியப் பெண்ணாக்குவது அந்தக் கால ஹாலிவுட்டின் அசிங்கமான வழக்கம். நோராவுக்குப் பிறகு அவரை யாரும் அந்தப் பக்கம் கூப்பிடவில்லை.

நாவலும் இதே மாதிரி சிரிப்பா இருக்குமா?

சிரிப்பு உண்டு, ஆனால் கசப்பு தூக்கல். எழுதியவர் டாஷியல் ஹாம்மெட். பிங்கர்ட்டன் நிறுவனத்தில் நிஜத் துப்பறிவாளராக வேலை பார்த்தவர். 1934 ஜனவரியில் புத்தகமாக வந்தது, அவருடைய கடைசி நாவலும் அதுதான். 1961-ல் இறக்கும்வரை இன்னொரு நாவலை முடிக்கவில்லை. புத்தகத்தில் கதையைச் சொல்வது நிக். வேலையை விட்டுவிட்ட, அடுத்து என்ன செய்வதென்று தெரியாத ஒரு மனிதரின் குரல் அது. வைனன்ட் குடும்பமே பொய்யும் வக்கிரமுமாக இருக்கும். நடுவே மனித மாமிசம் தின்றவர் ஒருவரைப் பற்றிய பழைய வழக்கு விவரமே சில பக்கங்களுக்கு வரும்.

படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஃபிரான்சஸ் குட்ரிச்சும் ஆல்பர்ட் ஹாக்கெட்டும் நிஜத் தம்பதி. மர்மத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே எனக்கு ஐந்து காட்சி எழுதிக் கொடுங்கள் என்று இயக்குநர் அவர்களிடம் கேட்டதாகச் சொல்வார்கள். படத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. ஹாம்மெட் நோராவுக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது தன் துணைவி, நாடகாசிரியை லில்லியன் ஹெல்மனை. புத்தகமும் அவருக்கே சமர்ப்பணம்.

ரெண்டே வாரத்துல எடுத்து முடிச்சாங்களாமே, உண்மையா?

ஏறக்குறைய உண்மை. இயக்குநர் டபிள்யூ. எஸ். வான் டைக்குக்கு 'ஒன் டேக் வூடி' என்றே பெயர். ஒரு தடவை எடுத்தது சுமாராக இருந்தாலே போதும், அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். நடிப்பில் தெரியும் அந்த அலட்சியம் பாதி அவருடைய அவசரத்தால் வந்தது. மேலே சொன்ன பார் காட்சியில், சும்மா ஒத்திகை பாருங்கள் என்று பவலிடம் சொல்லிவிட்டு, அவருக்கே தெரியாமல் கேமராவை ஓடவிட்டார். ஒத்திகை என்று நினைத்து அவர் செய்ததுதான் படத்தில் இருக்கிறது. ஒளிப்பதிவு ஜேம்ஸ் வாங் ஹோவ். பட்டறைக் காட்சியின் நிழல்களை அவருக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

அவசரத்தில் எடுத்த அந்தப் படம் நான்கு ஆஸ்கர்களுக்குப் பரிந்துரையானது: படம், இயக்குநர், நடிகர், திரைக்கதை. நான்கையுமே 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' தட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்த நாய் என்ன ஜாதி? நிஜப் பேரே ஆஸ்டாவா?

வயர் ஃபாக்ஸ் டெரியர். நாயின் பெயர் ஸ்கிப்பி. புத்தகத்தில் ஆஸ்டா ஒரு பெண் ஷ்னாசர், படத்தில் ஆண் டெரியர் ஆகிவிட்டது. ஸ்கிப்பி பிறகு 'தி ஆஃபுல் ட்ரூத்', 'பிரிங்கிங் அப் பேபி' என்று கேரி கிராண்டுடனும் நடித்தது. வேலை நேரத்தில் கவனம் சிதறக் கூடாது என்பதால் நடிகர்கள் அதைக் கொஞ்ச அனுமதியில்லை. மிர்னா லாயை ஒரு தடவை கடித்தும் வைத்திருக்கிறது. ஆங்கிலக் குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்குப் படமே பார்க்காவிட்டாலும் ஆஸ்டாவைத் தெரிந்திருக்கும். நாலெழுத்தில் இரண்டு உயிரெழுத்து, கட்டம் போடுகிறவர்கள் விடுவார்களா?

மொத்தம் எத்தனை பாகம்? எல்லாத்தையும் பார்க்கணுமா?

ஆறு. 1934, 1936, 1939, 1941, 1945, 1947. நாவல் ஒன்றுதான். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஹாம்மெட்டே கதை கொடுத்தார், பிறகு வந்தவை மற்றவர்கள் எழுதியவை.

இரண்டாவது கட்டாயம் பாருங்கள். முதல் படம் முடிந்த ரயில் பயணத்திலிருந்தே தொடர்கிறது. நோராவின் பெரிய வீட்டுச் சொந்தங்கள் நிக்கை ஏதோ தெருவில் போகிறவரைப் போல் நடத்துவதும், அவர் அசராமல் இருப்பதும் ரகளை. இளவயது ஜேம்ஸ் ஸ்டீவர்ட்டும் இருக்கிறார். மூன்றாவது பரவாயில்லை. நான்காவது, குதிரைப் பந்தயம் பிடித்தால். ஐந்தாவதை வான் டைக் எடுக்கவில்லை. அவர் 1943-ல் இறந்துவிட்டார். நிக் தன் அப்பா ஊருக்குப் போகும் அந்தக் கதை எனக்குப் பிடிக்கும், நிறையப் பேருக்குப் பிடிக்காது. ஆறாவதை முழு வரிசையும் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

நிக் பொண்டாட்டியை ஓங்கிக் குத்துறாரே, அதை எப்படி ரசிக்கிறீங்க?

மோரெல்லி என்ற ரவுடி படுக்கையறைக்குள் துப்பாக்கியோடு நிற்கும் காட்சி. சுடப்போகிறான் என்று தெரிந்ததும் நிக் நோராவைக் குத்திக் கீழே தள்ளிவிட்டு அவன்மேல் பாய்கிறார். குண்டு வரும் வழியிலிருந்து அவளை அப்புறப்படுத்துவதற்குத்தான். மயக்கம் தெளிந்த நோராவின் ஒரே கோபம், அவன் மடக்கப்பட்டதைத் தன்னால் பார்க்க முடியாமல் போனதுதான். காலத்துக்கேற்ற காட்சி என்று இதைச் சும்மா விட முடியாது, இன்று யாரும் இப்படி எழுத மாட்டார்கள், எழுதவும் வேண்டாம். ஆனால் நோராவை அடங்கிப்போகும் மனைவியாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆபத்தான இடத்துக்கு அவள் கூட வரக் கூடாது என்று நிக் ஒரு தடவை அவளை டாக்ஸியில் ஏற்றி, டிரைவரிடம் முன்னாள் ஜனாதிபதி கிராண்ட்டின் சமாதிக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். திரும்பி வந்ததும் சமாதி எப்படி இருந்தது என்று கேட்கிறார். "அருமை. உங்களுக்கும் அதேபோல் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன்" என்கிறாள்.

சுடப்பட்ட மறுநாள் பத்திரிகை வாசிப்பதும் இதே ரகம். ட்ரிப்யூனில் தன்னை இரண்டு தடவை சுட்டதாகப் போட்டிருக்கிறது என்று நிக் பெருமை அடித்துக்கொள்வார். மஞ்சள் பத்திரிகையில் ஐந்து தடவை என்று படித்தேனே என்பாள் நோரா. கேள்வி நியாயமான கேள்விதான். என் பதில், அந்தக் குத்தையும் நோராவின் இந்தப் பதிலடிகளையும் சேர்த்துப் பார்ப்பது.

அகதா கிறிஸ்டியில காமெடி எங்க இருக்கு? படிச்ச வரைக்கும் எனக்குச் சிரிப்பே வரலையே.

உண்டு, அடங்கிய குரலில். கிராமத்து அரட்டை, மாமிகளின் குத்தல் பேச்சு. அந்த அடங்கிய குரலை ஒலிபெருக்கியில் வைத்தவர் மார்கரெட் ரூதர்ஃபோர்ட். எம்.ஜி.எம்.மின் பிரிட்டிஷ் பிரிவுக்காக ஜார்ஜ் பொல்லாக் இயக்கிய நான்கு படங்கள்: 'மர்டர் ஷி செட்' (1961), 'மர்டர் அட் தி கேலப்' (1963), 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' (1964), 'மர்டர் அஹாய்' (1964). ரான் குட்வின் இசையமைத்த துள்ளலான ஹார்ப்சிகார்ட் மெட்டு, படத்தைப் பார்த்த பிறகு இரண்டு நாள் காதை விட்டுப் போகாது.

முதல் படம் '4.50 ஃப்ரம் பேடிங்டன்' நாவல். ரயிலில் போகும்போது, பக்கத்துத் தண்டவாளத்தில் இணையாக ஓடும் ரயிலின் ஜன்னல் திரை படாரென்று மேலே ஏற, உள்ளே ஒரு ஆண் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பது தெரிகிறது. பிணம் கிடைக்காததால் போலீஸ் நம்பவில்லை. நாவலில் அதைப் பார்ப்பது மார்ப்பிளின் தோழி, பெரிய வீட்டுக்குள் வேலைக்குப் போய் உளவு பார்ப்பது லூசி என்ற இளம்பெண். படத்தில் மூன்று பேர் வேலையையும் மார்ப்பிள் ஒருவரே செய்கிறார். கொலையைப் பார்க்கிறார், தண்டவாளத்தில் இறங்கித் தேடுகிறார், வேலைக்காரியாகவும் சேர்கிறார். அந்த வீட்டுக் கிழவருக்கும் இவருக்கும் நடக்கும் வாய்ச்சண்டைதான் படத்தின் உயிர்.

மிஸ் மார்ப்பிள் ஒல்லியான, பின்னல் பின்னுற பாட்டியாச்சே. கிறிஸ்டி இதுக்கு ஒத்துக்கிட்டாங்களா?

உரிமையை விற்றுவிட்டார், படங்களைப் பார்த்து நொந்துகொண்டார். முதல் படம் வந்தபோது ரூதர்ஃபோர்டுக்கு வயது 69, உடம்பும் கனம். குதிரை ஏறுகிறார், ட்விஸ்ட் ஆடுகிறார், கடைசிப் படத்தில் வாள் சண்டையே போடுகிறார். அது போதாதென்று, இரண்டாம், மூன்றாம் படங்களின் மூல நாவல்களில் மார்ப்பிளே கிடையாது. 'ஆஃப்டர் தி ஃப்யூனரல்', 'மிசஸ் மெக்கின்டிஸ் டெட்' இரண்டும் கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான பொய்ரோவின் கதைகள். பொய்ரோவைத் தூக்கிவிட்டுப் பாட்டியை உட்கார வைத்தார்கள். நான்காவதுக்கு நாவலே இல்லை, ஸ்டுடியோவே கதை கட்டிவிட்டது. கிறிஸ்டிக்குக் கோபம் உச்சத்துக்குப் போனது அப்போதுதான்.

ஆனால் நடிகை மேல் அவருக்குக் கோபமில்லை. 1962-ல் வந்த 'தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்' என்ற மார்ப்பிள் நாவலை ரூதர்ஃபோர்டுக்கே சமர்ப்பித்தார். படங்களில் மார்ப்பிளின் நிழலாகவே வரும் நூலகர் மிஸ்டர் ஸ்ட்ரிங்கரும் புத்தகத்தில் இல்லாதவர். நடித்தது ரூதர்ஃபோர்டின் நிஜக் கணவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸ். பயந்துகொண்டே பின்னால் போகும் அந்த மனிதரின் முகத்தில் தெரியும் வாஞ்சை நடிப்பில்லை.

புத்தகத்துல வர்ற மாதிரியே மார்ப்பிள் வேணும்னா?

பிபிசி 1984 முதல் 1992 வரை ஜோன் ஹிக்சனை வைத்து எடுத்த தொடர். 'மர்டர் ஷி செட்' படத்தில் சமையல் வேலைக்கு வரும் மிசஸ் கிடராகவும் அதே ஹிக்சன்தான் நடித்திருக்கிறார். இரண்டு மார்ப்பிள்களும் ஒரே சமையலறையில் நிற்பதைப் பார்க்கலாம்.

'கிரீன் ஃபார் டேஞ்சர்' எடுத்துப் பார்த்தேன். போர், ஆஸ்பத்திரி, ஆபரேஷன் டேபிள்ல சாவு. இதுல சிரிக்க என்ன இருக்கு?

முதல் பாதியில் ஒன்றும் இல்லை. அதுதான் அந்தப் படத்தின் தந்திரம். கிறிஸ்டியானா பிராண்ட் 1944-ல் எழுதிய நாவல். அவர் கணவர் அறுவை சிகிச்சை மருத்துவர், அதனால் அறுவை சிகிச்சை அறையின் சங்கதிகள் எல்லாம் கச்சிதம். சிட்னி கில்லியட் 1946-ல் படமாக்கினார். ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும் 1944 ஆகஸ்ட். காயம்பட்ட தபால்காரர் மயக்க மருந்து கொடுத்ததும் மேசையிலேயே இறந்துபோகிறார். விபத்து என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். பிறகு இன்னொரு சாவு, சந்தேகமே இல்லாத கொலை.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் காக்ரிலாக அலஸ்டர் சிம் வருகிறார். தன்னைப் பற்றித் தனக்கே அபார அபிப்பிராயம். பறக்கும் குண்டின் இயந்திரச் சத்தம் சட்டென்று நின்றால், அது கீழே விழப்போகிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில் அதற்குப் பழகிப்போன மருத்துவர்கள் அசையாமல் நிற்க, அதிகாரத்தோடு விசாரித்துக்கொண்டிருந்த இவர் ஓடி ஒளிகிறார். ராத்திரி படுக்கையில் துப்பறியும் நாவல் படிக்கும் காட்சியையும் தவற விடாதீர்கள். கொலையாளி யாரென்று கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார். முகம் தொங்கிப்போகிறது. சிரித்து முடித்த பிறகு உறைக்கும்: நிஜ வழக்கிலும் இந்த ஆள் தப்பாகக் கணக்குப் போட்டால் என்ன ஆவது? சிரிப்பே பயத்தைக் கூட்டிவிடுகிறது.

காமெடியா எடுக்கப்போய்க் கெட்டுப்போன நாவல் ஏதாவது இருக்கா?

இருக்கிறது, அதுவும் ஹாம்மெட்டுடையதே. 'தி மால்டீஸ் ஃபால்கன்' நாவலை 1941-ல் ஜான் ஹூஸ்டன் எடுத்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் 1931-ல் ஒரு தடவையும், 1936-ல் 'சேட்டன் மெட் எ லேடி' என்று வேடிக்கையாக இன்னொரு தடவையும் வார்னர் பிரதர்ஸே எடுத்திருந்தது. 1936 படத்தில் பருந்துச் சிலைக்குப் பதில் ஊதுகொம்பு, குண்டு வில்லனுக்குப் பதில் ஒரு வயதான அம்மா. 'தி தின் மேன்' ஓடியதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட கதை. பெட்டி டேவிஸ் இருந்தும் தேறவில்லை. துப்பறிவாளரில் தொடங்கி எல்லாரும் ஒரே மாதிரி இளித்துக்கொண்டிருந்தால் யாருக்கு யார்மேல் சந்தேகம் வரும்? கொலையை நம்புகிற ஒரு ஆளாவது திரையில் வேண்டும்.

'தி ஏபிசி மர்டர்ஸ்' நாவலிலிருந்து 1965-ல் வந்த 'தி ஆல்ஃபபெட் மர்டர்ஸ்' படத்துக்கும் இதே வியாதி. டோனி ராண்டல்தான் பொய்ரோ. ரூதர்ஃபோர்டும் ஸ்ட்ரிங்கர் டேவிஸும் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அது ஒன்றுதான் லாபம்.

'க்ளூ', 'மர்டர் பை டெத்', 'நைவ்ஸ் அவுட்' எல்லாம் ஏன் பேசவே மாட்டேங்கறீங்க?

மூன்றும் பிடிக்கும், ஆனால் எதுவும் நாவலிலிருந்து வந்ததில்லை. 'க்ளூ' பலகை விளையாட்டிலிருந்து வந்தது. மற்ற இரண்டும் படத்துக்கென்றே எழுதியவை. நீல் சைமன் எழுதிய 'மர்டர் பை டெத்' (1976) மட்டும் நிக்-நோராவைப் பார்த்த பிறகு பாருங்கள். டேவிட் நிவனும் மேகி ஸ்மித்தும் அவர்களைத்தான் கிண்டலடிக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளைன்னா வீட்ல யாரும் உட்கார மாட்டேங்கறாங்க. கலர்ல ஏதாவது?

பீட்டர் உஸ்டினோவ் பொய்ரோவாக வரும் 'டெத் ஆன் தி நைல்' (1978), 'ஈவில் அண்டர் தி சன்' (1982). முதலாவதில் பெட்டி டேவிஸும் மேகி ஸ்மித்தும் எஜமானியும் துணைப் பெண்ணுமாக ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள். படகு நிர்வாகியாக நம் ஐ. எஸ். ஜோஹர் உண்டு, அவருக்குக் கொடுத்த வேடம்தான் சரியில்லை. நகைச்சுவைக்கு இரண்டாவதே மேல். டெவன் கரையோரத் தீவில் நடக்கும் கதையை வெயில் கொளுத்தும் கற்பனை நாட்டுக்கு மாற்றி, மயோர்காவில் எடுத்தார்கள். பொய்ரோ கடலில் நீந்தும் அழகை மட்டும் பார்த்தால்கூடக் காசு செரித்துவிடும்.

முதல்ல புத்தகமா, படமா?

'தி தின் மேன்' என்றால் படம். நாவலின் கசப்பைப் பிறகு நிதானமாக ரசிக்கலாம். 'கிரீன் ஃபார் டேஞ்சர்' என்றால் புத்தகம். 'அண்ட் தென் தேர் வேர் நன்' என்றாலும் புத்தகமே. படம் நாவலின் முடிவை எடுக்கவில்லை, 1943-ல் கிறிஸ்டியே நாடகத்துக்காக மாற்றி எழுதிய முடிவை எடுத்துக்கொண்டது. யாரோ இயக்குநர் கெடுத்துவிட்டார் என்று திட்டுகிறவர்கள் கவனிக்கவும். ரூதர்ஃபோர்ட் படங்களுக்கு வரிசையே தேவையில்லை, மேலே சொன்னதுபோல் புத்தகத்துக்கும் அவற்றுக்கும் உறவு அவ்வளவுதான்.

'தி தின் மேன்' கடைசி விருந்துல நிக் கொடுக்குற விளக்கம் எனக்குப் புரியவே இல்லை. ரெண்டு தடவை பார்த்துட்டேன்.

சந்தேகப்படும் அத்தனை பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டு, பரிமாறுகிறவர்கள் வேடத்தில் போலீஸ்காரர்களை நிறுத்தி, நிக் ஒவ்வொருவராகக் கிளறும் காட்சி. அவர் சொல்வது நிஜமா என்று நோரா காதோடு கேட்கிறாள். தெரியாது என்கிறார். பின்னே ஏன் சொல்கிறீர்கள் என்றால், இப்படி இருந்தால்தான் பொருந்துகிறது என்கிறார். ஆக, நிக்கே உத்தேசமாகத்தான் அடித்து விடுகிறார். விளக்கத்தை விட்டுவிட்டு, அவர் பேசும்போது மேசையைச் சுற்றி யார் முகம் எப்படி மாறுகிறது என்று மூன்றாம் தடவை பாருங்கள்.

வேகத்துக்குப் பெயர்போன வான் டைக்கே இந்த ஒரு காட்சியில் மாட்டிக்கொண்டார். பவலுக்கு வசனம் மூட்டை மூட்டையாக, தான் என்ன பேசுகிறோம் என்று தனக்கே தெரியவில்லை என்றாராம். மறுபடி மறுபடி எடுக்க, ஒவ்வொரு தடவையும் அதே சிப்பி உணவுத் தட்டுகள்தான் மேசைக்கு வந்தன. விளக்குச் சூட்டில் சிப்பி கெட்டு நாற ஆரம்பித்தது. அத்தனை பேரும் அந்த நாற்றத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் நாகரிகமாக விருந்து சாப்பிடுவதுபோல் நடித்தார்கள்.

எல்லாத்தையும் பார்த்து முடிச்சாச்சு. அடுத்து?

ஹில்டகார்ட் விதர்ஸ். ஸ்டூவர்ட் பால்மர் நாவலிலிருந்து 1932-ல் வந்த 'தி பெங்குயின் பூல் மர்டர்'. பிள்ளைகளை நியூயார்க் மீன் காட்சியகத்துக்குக் கூட்டிவந்த பள்ளி ஆசிரியை, பெங்குயின் தொட்டிக்குள் ஒரு பிணம் விழுவதைப் பார்க்கிறார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டரையே வகுப்பில் நிற்க வைத்த மாதிரி விரட்டுவார். வரிசையில் ஆறு படம், எட்னா மே ஆலிவர் நடித்த முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு, பழைய புத்தக வியாபாரம் செய்யும் ஸ்லோன் தம்பதி. மார்கோ பேஜ் நாவலிலிருந்து 1938-ல் வந்த 'ஃபாஸ்ட் கம்பெனி'. இதையும் எம்.ஜி.எம்.தான் எடுத்தது. தொடர்ந்து வந்த இரண்டு படங்களிலும் அதே தம்பதி, ஆனால் நடிகர்கள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. வில்லியம் பவலை இன்னும் பார்க்க வேண்டும் என்றால், நிக் ஆவதற்கு ஒரு வருடம் முன்பு ஃபைலோ வேன்ஸ் என்ற துப்பறிவாளராக அவர் நடித்த 'தி கென்னல் மர்டர் கேஸ்' (1933) இருக்கிறது. அதில் சிரிப்பு குறைவு, நாய்கள் நிறைய.